நாடியின் இரண்டாவது அசைவு

லண்டனுக்கு அருகிலுள்ள டெடிங்டன் ஊரின் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு பெண்குதிரையை மல்லாக்கக் கிடத்திக் கட்டினார். அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு ஒன்பது அடி நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்றைச் செங்குத்தாக இணைத்தார். ரத்தம் 8 அடி 3 அங்குல உயரத்துக்கு ஏறியது. ஏறி முடித்த பிறகும் அது ஓரிடத்தில் நிற்கவில்லை. இதயம் துடிக்கும்போதெல்லாம் சில அங்குலம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. 1733இல் ஹேல்ஸ் வெளியிட்ட நூலில் இந்தச் சோதனை விரிவாகப் பதிவாகியிருக்கிறது. உயிருள்ள விலங்கு ஒன்றின் ரத்த அழுத்தத்தை அளந்த முதல் பதிவு என்று மருத்துவ வரலாறு இதைக் கொண்டாடுகிறது. குதிரை பிழைக்கவில்லை.

அதற்குப் பின் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, தமனியின் இயக்கத்தை அறிய விரும்பியவர்கள் பெரும்பாலும் ஹேல்ஸ் போன வழியிலேயே போனார்கள். நாயையோ முயலையோ மயக்கப்படுத்தி, தோலையும் தசையையும் விலக்கி, தமனியை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு பார்த்தார்கள். இதிலுள்ள வன்முறை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அறிவியல் நோக்கில் இதில் இன்னொரு கோளாறும் உண்டு, அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. உடலுக்குள் இருக்கும்போது அசைவதைப் போல, வெட்டித் திறந்த தமனி அசைவதில்லை.

தமனி என்பது உடலுக்குள் தனியே தொங்கும் குழாய் அல்ல. அதன் சுவரில் மூன்று உறைகள் உண்டு. ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது மெல்லிய உள்ளுறை. நடுவுறையில் எலாஸ்டின் என்னும் மீள்புரதத் தகடுகளும் தசைச் செல்களும் அடுக்கடுக்காக இருக்கின்றன. வெளியுறை கொலாஜன் இழைகளாலானது, அது சுற்றியுள்ள திசுக்களோடு பிணைந்து கிடக்கிறது. கிளைத் தமனிகளும் சுற்றியுள்ள சவ்வுகளும் அதை நாலாபுறமும் பிடித்திருக்கின்றன. அறுவைக் கத்தி முதலில் விலக்குவது இந்தப் பிடிப்பைத்தான். பிடிப்புப் போன பிறகு தமனி எப்படி அசைகிறது என்று அளந்தால், நாம் அளப்பது நம் கத்தி உண்டாக்கிய நிலையை.

1950களில் இந்தப் பிடிப்பு கணிதத்துக்குள் நுழைந்தது. லண்டன் செயின்ட் பார்த்தலமியூ மருத்துவமனையில் டொனால்ட் மெக்டொனால்ட், முயலின் பெருந்தமனியில் ரத்தம் முன்னும் பின்னும் ஓடுவதை அதிவேகத் திரைப்படக் கருவியால் பதிவு செய்திருந்தார். அந்த ஓட்டத்தைச் சமன்பாடுகளாக்க முன்வந்தவர் கணிதவியலர் ஜான் வோமர்ஸ்லி. மீள்தன்மையுள்ள குழாய்க்குள் துடித்துத் துடித்து ஓடும் திரவத்துக்கான அவருடைய கணக்கு இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. அந்தக் கணக்கு எதிர்பாராத ஒன்றைச் சொன்னது. எதனாலும் பிடிக்கப்படாத குழாயாக இருந்தால், சுவர் விரிந்து சுருங்குவதோடு நிற்காமல் நீளவாக்கிலும் கணிசமாக முன்பின் நகர வேண்டும். சோதனைகளில் அப்படிப்பட்ட பெரிய நகர்வு தென்படவில்லை. ஆகவே சுற்றுத் திசுவின் பிடிப்பைக் கணக்கில் சேர்த்து, நீளவாக்கு அசைவை வோமர்ஸ்லி கட்டுப்படுத்தினார். 1960களில் அமெரிக்காவில் பட்டேல், ஃப்ரை ஆகியோர் நாய்களின் தமனிகளில் இந்தப் பிடிப்பு எவ்வளவு வலுவானது என்று அளந்து காட்டினார்கள்.

இதன் விளைவாக ஒரு முடிவு நிலைபெற்றுவிட்டது: தமனிச் சுவரின் அசைவு என்றால் குறுக்கே விரிவதும் சுருங்குவதும்தான், நீளவாக்கில் நடப்பதைப் புறக்கணிக்கலாம். மணிக்கட்டில் விரல் வைத்தால் நமக்குத் தட்டுப்படுவதும் அந்தக் குறுக்கசைவுதான். ஆகவே யாருக்கும் சந்தேகம் எழவில்லை. நாற்பது ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

அந்த முடிவை மாற்றியது மீயொலி, அதாவது எல்லா ஊர் ஸ்கேன் மையங்களிலும் இருக்கும் அல்ட்ராசவுண்ட்.

இந்தக் கதையின் பெரும்பகுதி தென் ஸ்வீடனின் லுண்ட் நகரில் நடக்கிறது. 1953இல் அங்கிருந்த இதய மருத்துவர் இங்கே எட்லர், இயற்பியலர் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இளைஞரை நாடினார். இதயத்தைத் திறக்காமல் அதன் வால்வு அசைவதைப் பார்க்க வழியுண்டா என்பது அவர் கேள்வி. பக்கத்து மால்மோ நகரின் கொக்கும்ஸ் கப்பல் கட்டும் தளத்தில், இரும்புத் தகடுகளில் மறைந்திருக்கும் விரிசல்களை எதிரொலியால் கண்டுபிடிக்கும் கருவி இருந்தது. ஹெர்ட்ஸ் அதைத் தன் மார்பில் வைத்துப் பார்த்தார். திரையில் ஓர் எதிரொலி இதயத் துடிப்போடு சேர்ந்து நகர்ந்தது. பிறகு சீமென்ஸ் நிறுவனம் இரவல் கொடுத்த கருவியால், அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று இதயத்தின் அசைவை இருவரும் முதன்முறையாகப் பதிவு செய்தார்கள். எக்கோ பரிசோதனை என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்வது பிறந்தது அன்றுதான்.

இதயத்தில் வெற்றி பெற்ற முறை மெல்ல மெல்லத் தமனிக்கும் வந்தது. புரோப் என்று எல்லோரும் அழைக்கும் கருவியின் முனையில் அழுத்தமின் படிகங்கள் இருக்கின்றன. அவை மிகக் குறுகிய ஒலித்துடிப்பை உடலுக்குள் அனுப்புகின்றன. மென்திசுவில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. இரண்டு சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள தமனிச் சுவரில் பட்டு அது திரும்பி வர ஒரு நொடியின் லட்சத்தில் மூன்று பங்குகூட ஆவதில்லை. திரும்பி வரும் நேரத்தை அளந்தால் சுவரின் ஆழம் கிடைக்கும். அடுத்தடுத்து அளந்துகொண்டே போனால் சுவரின் அசைவு கிடைக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 10 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 0.15 மில்லிமீட்டர். அதைவிடச் சிறிய அசைவு தெரியாது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் எதிரொலியின் அலைமேடும் பள்ளமும் எங்கே விழுகின்றன என்று தொடர்ந்து கவனித்தால், அலைநீளத்தில் சிறு பின்னமளவு நகர்வும் பிடிபடும். 1972இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஹொகன்சன் குழுவினர் இப்படி எதிரொலியைப் பின்தொடர்ந்து, தமனியின் விட்டம் மாறுவதை உடலுக்கு வெளியிலிருந்தே பதிவு செய்யும் கருவியைச் செய்தார்கள். 1986இல் இத்தாலியின் பினோலி குழுவினர், ஸ்கேன் படத்தில் தமனிச் சுவர் இரட்டைக் கோடாகத் தெரிவதையும், அந்தக் கோடுகளுக்கு இடையிலுள்ள தூரம் உள்ளுறையும் நடுவுறையும் சேர்ந்த தடிமன் என்பதையும் காட்டினார்கள். இதய நோய் அபாயத்தை மதிப்பிடக் கழுத்துத் தமனியில் எடுக்கும் அளவீடு அதிலிருந்து வளர்ந்தது.

ஆனால் இந்த நுணுக்கம் எல்லாம் ஒரே திசையில்தான். ஒலி போய்வரும் திசையில் மைக்ரோமீட்டர் கணக்கில் அசைவைச் சொல்லும் கருவி, பக்கவாட்டில் பார்வை மங்கியது. பக்கவாட்டுக் கூர்மை ஒலிக்கற்றையின் அகலத்தைப் பொறுத்தது, அலைமேட்டை எண்ணும் உத்தி அங்கே உதவாது. கழுத்தில் புரோப்பை வைக்கும்போது தமனி விரிவது ஒலியின் திசையில். தமனி நீளவாக்கில் நகர்ந்தால் அது பக்கவாட்டில். கருவி கூர்மையாக இருந்த திசையில் அசைவு தெரிந்தது, மங்கலாக இருந்த திசையில் தெரியவில்லை. ஏற்கெனவே பாடநூலும் அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தது. கருவியின் குறையும் கோட்பாட்டின் முடிவும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொண்டன. அறிவியலில் இதைவிட ஆபத்தான உடன்பாடு இல்லை என்பது என் எண்ணம்.

லுண்டில் ஹெர்ட்ஸ் உருவாக்கிய துறையில் வளர்ந்த ஷெல் லிண்ட்ஸ்ட்ரோம், அவருடன் மாக்னுஸ் சின்தியோ, மருத்துவர் ஓசா ரைடேன் ஆல்கிரேன் ஆகியோர் 2000க்குப் பிறகு இந்த மங்கலான திசையில் வேலை செய்தார்கள். உயர்தரக் கருவியின் படத்தில் சுவருக்குள் தனித்துத் தெரியும் ஓர் எதிரொலிப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, படத்துக்குப் படம் அது எங்கே போகிறது என்று இரு திசைகளிலும் பின்தொடரும் முறையை உருவாக்கினார்கள். 2003இல் முதல் அறிக்கை வந்தது. 2006இல் ஆரோக்கியமான மனிதர்களின் பெருந்தமனி, கழுத்து, கை, கால் தமனிகளில் கண்டதை வெளியிட்டார்கள். நீளவாக்கு அசைவு தெளிவாக இருந்தது. அதன் அளவும் சிறிதல்ல: விட்டம் எவ்வளவு மாறுகிறதோ ஏறத்தாழ அதே அளவு.

அசைவின் ஒழுங்கு வியப்பானது. இதயம் சுருங்கத் தொடங்கும்போது கழுத்துத் தமனியின் உட்சுவர் ரத்தம் ஓடும் திசையில் சற்று முன்னே போகிறது. சுருங்கி முடிவதற்குள்ளாகவே திரும்பி, ரத்த ஓட்டத்துக்கு எதிராக இதயத்தை நோக்கி வருகிறது. இதயம் விரியும்போது மீண்டும் பழைய இடத்துக்குப் போகிறது. இன்னொன்றும் தெரிந்தது. உட்பகுதி நகரும் அளவுக்கு வெளியுறை நகர்வதில்லை. சீட்டுக்கட்டின் அடிச்சீட்டைப் பிடித்துக்கொண்டு மேல்சீட்டைத் தள்ளினால் இடையிலுள்ளவை ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதைப் போல, சுவரின் உறைகள் ஒவ்வொரு துடிப்பிலும் ஒன்றையொன்று சறுக்கி இழுக்கின்றன. வோமர்ஸ்லி காலத்தவர் கண்ட பிடிப்பு உண்மைதான். அது வெளியுறையைப் பிடித்திருக்கிறது. அதற்கு உள்ளே நடந்துகொண்டிருந்ததை அவர்களிடமிருந்த கருவியால் காண முடியவில்லை.

நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்கும் மேல். அத்தனை முறையும் இந்தச் சறுக்கல் நடக்கிறது. சுவருக்குள் வாழும் செல்கள் இழுபடுவதையும் உரசப்படுவதையும் உணர்ந்து தங்கள் போக்கை மாற்றிக்கொள்பவை. அப்படியிருக்க, ஒரு முழுத் திசையில் நடக்கும் இழுவையை இத்தனை காலம் கணக்கில் எடுக்காமல் கொழுப்புப் படிவையும் தமனி இறுக்கத்தையும் விளக்கிக்கொண்டிருந்தோம்.

அடுத்த கேள்வி, இந்த அசைவை உண்டாக்குவது எது என்பது. இங்கேதான் விலங்குகள் வருகின்றன. மனிதருக்கு வேண்டியபடி மருந்தேற்றி ரத்த அழுத்தத்தை உயர்த்தித் தாழ்த்திப் பார்க்க முடியாது. லுண்ட் குழு பன்றியைத் தேர்ந்தெடுத்தது. பன்றியின் இதயமும் தமனிகளும் அளவிலும் அமைப்பிலும் மனிதருடையவற்றுக்கு நெருக்கமானவை, மனிதருக்கான அதே புரோப்பும் மென்பொருளும் அப்படியே பயன்படும். அறுவை மருத்துவர் ஸ்டிக் ஸ்டீனின் குழுவோடு சேர்ந்து, மயக்கத்திலிருந்த பன்றிகளுக்கு அட்ரினலினும் நார்அட்ரினலினும் ஏற்றி, கழுத்துத் தமனியை அல்ட்ராசவுண்டால் கவனித்தார்கள். அச்சத்திலும் கோபத்திலும் நம் உடலில் தானே சுரக்கும் ஹார்மோன்கள் இவை. மருந்து ஏறியதும் சுவரின் நீளவாக்கு நகர்வும் உறைகளுக்கு இடையிலான சறுக்கலும் பெருமளவு கூடின. 2009இல் முதல் அறிக்கையும் 2012இல் விரிவான ஆய்வும் வெளிவந்தன.

ரத்தம் வேகமாக ஓடுவதால் சுவரை உரசி இழுத்துக்கொண்டு போகிறது என்பதே எவருக்கும் முதலில் தோன்றும் விளக்கம். 2015இல் அதே குழு பன்றிகளில் இதைச் சோதித்து, ரத்தத்தின் உரசல் விசைக்குத் தொடர்பில்லாமலேயே நீளவாக்கு நகர்வு பெருமளவு கூட முடியும் என்று காட்டியது. எனவே ரத்தத்தின் உரசலை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. இதயத்தின் கீழறை சுருங்கும்போது பெருந்தமனியின் அடிவேர் கீழே இழுபடுகிறது, அந்த இழுப்பு கழுத்துவரை எட்டலாம். சுவர் பின்னோக்கி நகரும் கட்டத்துக்கு இது பொருந்துகிறது. அழுத்த அலையே சுவரை நீளவாக்கில் தள்ளலாம். சுவரிலுள்ள தசைச் செல்களின் இறுக்கமும் பங்கு வகிக்கலாம். இவற்றில் எது எவ்வளவு என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

இது வெறும் ஆய்வக ஆர்வம் அல்ல என்பதற்கு ஒரு சான்று. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில், இதயத் தமனி நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட நோயாளிகளின் கழுத்துத் தமனியை ஸ்வெட்லுண்ட், கான் குழுவினர் ஆராய்ந்தார்கள். நீளவாக்கு நகர்வு அடுத்த ஓராண்டின் இதயநோய் நிகழ்வுகளை முன்கூட்டியே சொல்ல உதவுகிறது என்று 2011இல் வெளியிட்டார்கள். நகர்வு குறைந்தவர்களுக்கே ஆபத்து கூடுதலாக இருந்தது.

பன்றியிலிருந்து எலிக்கு வந்தால் சிக்கல் வேறு மாதிரி. சுண்டெலியின் பெருந்தமனி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விட்டம்தான். இதயம் நிமிடத்துக்கு ஐந்நூறு, அறுநூறு முறை துடிக்கிறது. மனிதருக்கான ஸ்கேன் கருவியில் அந்தத் தமனி சில புள்ளிகளாக முடிந்துவிடும். ஆகவே 30 மெகாஹெர்ட்ஸுக்கும் மேலான ஒலியைப் பயன்படுத்துகிறார்கள். அலைநீளம் 0.05 மில்லிமீட்டருக்குக் குறைகிறது, படம் கூர்மையாகிறது. அதிர்வெண் கூடக்கூட ஒலி திசுவில் விரைவாகத் தேய்ந்துபோகும் என்பதால் ஆழத்தை இழக்கிறோம். எலிக்கு ஒரு சென்டிமீட்டர் ஆழமே போதும் என்பதால் இந்த இழப்பு இங்கே பெரிதல்ல.

வேகம்தான் பெரிய இடைஞ்சல். இதயம் உதைத்ததும் தமனிச் சுவர் வழியே ஓடும் துடிப்பலை, ரத்தத்தைவிட மிக வேகமானது. சுவர் எவ்வளவு இறுகியிருக்கிறதோ அவ்வளவு வேகம் என்பதை 1878இலேயே மோன்ஸும் கோர்டவெக்கும் சமன்பாடாக எழுதிவிட்டார்கள். எலியில் அலை நொடிக்கு 3 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், படத்தில் தெரியும் ஒரு சென்டிமீட்டரை மூன்றே மில்லிநொடியில் கடந்துவிடும். நொடிக்கு 30 படம் எடுக்கும் கருவியில் அலை வந்த சுவடே இருக்காது. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலிசா கொனொஃபாகு குழுவினர் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். தமனியின் ஒவ்வோர் இடத்தையும் ஒற்றை ஒலிக்கற்றையால் அடுத்தடுத்த துடிப்புகளில் மிக வேகமாகப் பதிவு செய்து, கூடவே எடுத்த இசிஜியை வைத்து எல்லாவற்றையும் ஒரே துடிப்பில் நடந்தவைபோல ஒழுங்குபடுத்தினார்கள். நொடிக்கு 8,000 படங்களுக்கு நிகரான காட்சி கிடைத்தது. ஆரோக்கியமான எலியில் அலை தமனி வழியே சீராக ஓடியது. மருந்து கொடுத்துத் தமனி வீக்கம் உண்டாக்கிய எலிகளில் அலை அந்த இடத்தில் ஒழுங்கு குலைந்தது. வீங்கிய சுவர் வெடிப்பதற்கு முன்பே அதன் இயல்பு மாறியிருப்பதை வெளியிலிருந்து காண முடியும் என்பது சிறிய செய்தி அல்ல.

எலியில் கண்டது மனிதருக்குப் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானது. அதற்கு ஓரளவு பதில் 1967இல் சிகாகோவில் வோலின்ஸ்கி, கிளாகோவ் செய்த ஆய்வில் இருக்கிறது. பத்து வகைப் பாலூட்டிகளின் பெருந்தமனிகளை ஒப்பிட்ட அவர்கள், எலாஸ்டின் அடுக்குகளின் எண்ணிக்கை விலங்குக்கு விலங்கு மாறினாலும் ஓர் அடுக்கு தாங்கும் இழுவிசை ஏறத்தாழ ஒன்றே என்று கண்டார்கள். சுண்டெலிக்கு ஐந்தடுக்கு, மனிதருக்கு அறுபதை ஒட்டிய அடுக்குகள், பன்றிக்கு எழுபதை ஒட்டி. பெரிய விலங்குக்கு அடுக்கு கூடுகிறது, அடுக்கின் சுமை கூடுவதில்லை. சுவரின் இயக்கவியலில் விலங்கு ஆய்வுக்கு இது உறுதியான அடித்தளம். ஆனால் கொழுப்புப் படிவு விஷயத்தில் எலி நம்மைப் போன்றதல்ல. இயற்கையாக அதற்கு அந்த நோய் வருவதில்லை, 1992இல் உருவாக்கப்பட்டதைப் போன்ற மரபணு நீக்கிய எலிகளில்தான் அதை ஆராய முடிகிறது. எலி ஆய்வின் முடிவைப் படிக்கும்போது எந்தக் கேள்விக்கான எலி என்று கேட்பது நல்லது.

மயக்க மருந்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஐசோஃப்ளுரேன் போன்ற மருந்து ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும், துடிப்பைக் குறைக்கும். மயக்கம் சற்று ஆழமானாலே எலியின் துடிப்பு பாதியாகலாம். சிறிய உடல் விரைவில் குளிர்ந்துவிடும் என்பதால் சூடேற்றிய பலகையில் கிடத்துகிறார்கள். முடியைக் களைந்து, ஜெல்லைத் தடிமனாகப் பூசி, புரோப்பின் பாரம் வயிற்றில் விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் அழுத்தினாலும் தமனி நசுங்கி, அளப்பது பொய்யாகிவிடும். வெட்டாமல் பார்த்தாலும் விலங்கின் நிலையை நாம் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். மருந்தின் அளவு, உடல் வெப்பம், துடிப்பு மூன்றையும் தெளிவாக எழுதாத ஆய்வுக் கட்டுரையை நான் நம்பத் தயங்குவேன்.

இருந்தும் இந்த முறையின் பெரும் பேறு, அதே விலங்கைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடிவது. முன்பெல்லாம் நோய் எப்படி வளர்கிறது என்று அறிய, முதல் வாரத்தில் சில, நான்காம் வாரத்தில் சில, எட்டாம் வாரத்தில் சில என்று விலங்குகளைக் கொன்று தமனியை எடுத்தார்கள். இப்போது ஒரே எலியை வாரந்தோறும் ஸ்கேன் செய்து, அதன் தமனியை அதன் சொந்தப் பழைய படத்தோடு ஒப்பிடலாம். தேவைப்படும் விலங்குகள் குறைகின்றன, ஒப்பீடும் உறுதியாகிறது. ரஸ்ஸல், பர்ச் இருவரும் 1959இல் முன்வைத்த, மாற்றுவழி தேடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைக் குறை என்ற மூன்று நெறிகளில் பின்னிரண்டும் இங்கே ஒருசேர நிறைவேறுகின்றன.

நமக்கு அருகிலும் இந்தத் துறையில் வேலை நடக்கிறது. சென்னை ஐஐடியின் நலவாழ்வுத் தொழில்நுட்ப மையத்தில் உருவான ஆர்ட்சென்ஸ் கருவி, படமே எடுக்காமல் கழுத்துத் தமனிச் சுவரின் எதிரொலியைப் பின்தொடர்ந்து தமனியின் இறுக்கத்தைக் கணிக்கிறது. விலையுயர்ந்த ஸ்கேன் கருவியும் தேர்ந்த நிபுணரும் இல்லாத இடங்களிலும் பயன்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அது அளப்பது குறுக்கசைவை. நீளவாக்கு அசைவை எளிய கருவியால் அளக்கும் வழி இன்னும் மருத்துவமனைகளுக்கு வரவில்லை, ஸ்கேன் அறிக்கைகளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

பொறியியலும் கால்நடை மருத்துவமும் படிக்கும் நம் பிள்ளைகள் சேர்ந்து இறங்க வேண்டிய வேலை இது. பசுவின் சினையைப் பார்க்கும் ஸ்கேன் கருவி கால்நடைக் கல்லூரிகளில் ஏற்கெனவே இருக்கிறது, எதிரொலிப் புள்ளியைப் பின்தொடரும் கணக்குகள் வெளியாகியிருக்கின்றன. எந்த விலங்கையும் வெட்டாமல், ஒரு மாட்டின் கழுத்தில் ஜெல் தடவி, இந்த இரண்டாவது அசைவைத் தேடத் தொடங்கலாம். தொடங்குங்கள்.